வெயில் வராத பால்கனியில் பூ பூக்குமா? செடி வாங்கும் முன் நிழலை அளந்து பாருங்கள்!

நர்சரியில் பார்த்தபோது ஏழெட்டுப் பூக்களோடு தளதளவென்று நின்ற செடி. வீட்டுக்கு வந்த இரண்டே மாதத்தில் பூ நின்றுபோகிறது. அடுத்த மாதம் இலை மஞ்சளாகிறது. 'தண்ணி பத்தலையோ' என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்கள். ஒரு நாள் தண்டைத் தொட்டால் வேரோடு கையில் வந்துவிடும். 'எனக்கு செடி வளர்க்கிற ராசி இல்ல' என்று காலித் தொட்டி ஓரம்கட்டப்படும்.

அபார்ட்மென்ட் வீடுகளில் அடிக்கடி நடக்கும் கதை இது. அடுத்த கட்டடத்தின் சுவர், மேல்மாடியின் தளம், கிரில், கொசுவலை என்று வெளிச்சத்தை மறைக்க ஏகப்பட்ட விஷயங்கள். தனி வீடாக இருந்தாலும் காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள மூன்றடிச் சந்தில் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆனாலும் அந்த இடங்களில் வருடம் முழுக்கப் பச்சையாக இருந்து, பூவும் தரக்கூடிய செடிகள் இருக்கின்றன. ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் வீட்டில் இருப்பது எந்த மாதிரி நிழல் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற செடியை வாங்கினால் போதும். பெரும்பாலானவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்: முதலில் செடி, அப்புறம் அதை எங்கே வைப்பது என்ற யோசனை.

எந்தச் செடியைத் தேட வேண்டும்?

ஒருமுறை வைத்தால் பல வருடம் வாழ வேண்டும், எல்லா மாதமும் இலையோடு இருக்க வேண்டும், பூக்கவும் வேண்டும். இந்த மூன்றும் எல்லாச் செடிக்கும் பொருந்தாது. காசித்தும்பை ஒரு பருவம் பூத்து, விதை போட்டுவிட்டுக் காய்ந்துவிடும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் பல வருடம் வாழும் செடிதான். ஆனால் மழைக்காலம் முடிந்ததும் மேலே உள்ள கொடி காய்ந்து, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்கும். பல மாதம் தொட்டி வெறுமையாகக் கிடக்கும். கனகாம்பரம் அப்படியில்லை. பல வருடம் இருக்கும், இலை உதிர்த்து மொட்டையாக நிற்காது, பூவும் தரும். நிழலான மூலைக்கு நாம் தேட வேண்டியது இந்த ரகத்தைத்தான்.

நிழலில் நாலு வகை

'எங்க வீட்ல நிழல்தான்' என்று சொல்வது, 'எனக்கு உடம்பு சரியில்ல' என்று டாக்டரிடம் சொல்வது மாதிரி. என்ன நிழல் என்று தெரியாமல் செடி சொல்ல முடியாது.

அரை நிழல்: காலையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் நேரடி வெயில், மீதி நேரம் நிழல். கிழக்குப் பார்த்த பால்கனி இதற்கு நல்ல உதாரணம்.

புள்ளி நிழல்: மரத்தடியில் இலைகளுக்கு நடுவே வெயில் புள்ளிபுள்ளியாக விழுந்து நகர்ந்துகொண்டே இருக்கும் இடம்.

வெளிச்ச நிழல்: நேரடி வெயில் கிடையாது. ஆனால் அங்கே நின்று பார்த்தால் வானம் நன்றாகத் தெரியும். எதிரே கட்டடம் இல்லாத வடக்கு பால்கனி, திறந்த முற்றத்தின் ஓரம் எல்லாம் இதில் அடங்கும்.

அடர் நிழல்: வெயிலும் இல்லை, வானமும் தெரியாது. குறுகிய சந்து, மாடிப்படிக்கு அடியில், ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் ஹால் மூலை.

முதல் மூன்றிலும் பூச்செடி வைக்கலாம். நான்காவதில் பூ எதிர்பார்ப்பது வீண். அங்கே இலை அழகுக்காக வளர்க்கும் மணி பிளான்ட் போன்றவைதான் சரி.

கண்ணை நம்பாதீங்க

'வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு' என்று நமக்குத் தோன்றும். ஆனால் நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னை உடனே சரிசெய்துகொள்ளும். செடியால் அது முடியாது. வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற அலகில் அளப்பார்கள். உச்சிவெயிலில் திறந்த வெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். வானம் தெரியும் நல்ல நிழலில் சுமார் 10,000 லக்ஸ். ஹாலுக்கு உள்ளே ஜன்னலிலிருந்து தள்ளிப்போனால் சில நூறு லக்ஸ்தான். நமக்குச் சாதாரண நிழலாகத் தெரியும் ஒரு மூலையில், வெளியில் கிடைப்பதில் நூறில் ஒரு பங்கு வெளிச்சம்கூட இல்லாமல் போகலாம்.

இதைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு.

ஒன்று, பேப்பர் சோதனை. மதியம் 12 மணி வாக்கில், தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஒரு அடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல்களின் நிழல் தெளிவாக விழுந்தால் வெளிச்சம் அதிகம். கை என்று மட்டும் தெரியும் மங்கல் நிழல் என்றால் நடுத்தரம். நிழலே விழவில்லையா? அது அடர் நிழல்.

இரண்டு, செல்போன். ஸ்கிரீன் பிரைட்னஸைத் தானாகக் கூட்டிக் குறைக்க பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் ஒரு சென்சார் இருக்கும். 'லக்ஸ் மீட்டர்' ஆப்கள் அதை வைத்து வெளிச்சத்தை அளக்கும். போனுக்குப் போன் எண் கொஞ்சம் மாறும். அதனால் ஒரே போனில் வீட்டின் நாலைந்து இடங்களை அளந்து ஒப்பிடுவதுதான் பயன். பகல் நேரத்தில் 1,000 லக்ஸைத் தாண்டாத இடத்தில் பூச்செடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஒரு விடுமுறை நாளில் காலை 8, மதியம் 12, மாலை 4 என்று மூன்று முறை பால்கனியை போட்டோ எடுத்து வைத்தால், எந்த மூலையில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

வடக்கு பால்கனி எப்போதும் நிழலா?

யூடியூபில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்கள் 'வடக்கு பக்கம் என்றால் வெயிலே வராது' என்று சொல்லும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது ஏறக்குறைய பொருந்தும், ஏனென்றால் அங்கே மதிய சூரியன் எப்போதும் தெற்கு வானில்தான் இருக்கும். சென்னையில் கதை வேறு.

'நிழலில்லா நாள்' என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இந்த இரண்டு நாட்களுக்கு நடுவே உள்ள கிட்டத்தட்ட நான்கு மாதங்கள், மதிய சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். அதோடு, மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் கிழக்கு, மேற்குக்குக் கொஞ்சம் வடக்கே தள்ளித்தான்.

அதனால் கோடையில் வடக்கு பால்கனிக்கும் காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் வரும். மதியம் மேல்தளம் மறைத்துக்கொள்ளும். ஆனால் கிரில்லுக்கு வெளியே தொங்கும் தொட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. டிசம்பரில் வாங்கி வடக்கு கிரில்லில் தொங்கவிட்ட நிழல் செடி, மே மாத அக்னி நட்சத்திரத்தில் இலை கருகி நிற்பது இதனால்தான். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அதே பால்கனிக்கு நேரடி வெயிலே வராது.

தெற்கு பால்கனியில் இது தலைகீழ். டிசம்பரில் சென்னையின் மதிய சூரியன் தெற்கு வானில் சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் வெயில் பால்கனிக்குள் நன்றாக நுழையும். மேற்கு பால்கனியில் வெயில் குறைவான நேரமே வந்தாலும், பிற்பகல் சூடு கடுமை. மென்மையான இலைச் செடிகளுக்கு அது ஆகாது.

உயிரோடு இருப்பது வேறு, பூப்பது வேறு

செடிக்கு வெளிச்சம்தான் சம்பளம். இலை அந்த வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிறது. செடி மூச்சுவிடவும் வேர், இலையைப் பராமரிக்கவும் அதில் ஒரு பகுதி தினமும் செலவாகும். வரவும் செலவும் சமமாக இருந்தால் செடி சாகாது, வளரவும் செய்யாது. செலவு போக மிச்சம் இருந்தால்தான் பூ. வரவு குறைந்தால் முதலில் நிறுத்தப்படும் செலவும் பூதான்.

நிழலுக்குப் பழகிய செடிகள் இந்தச் சிக்கனத்தில் கெட்டிக்காரர்கள். அவற்றின் இலை அகலமாக, மெல்லியதாக, கரும்பச்சையாக இருக்கும். குறைந்த வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். ரோஜா, அரளி, செம்பருத்தி, மல்லிகை எல்லாம் வெயில் குடும்பம். அவற்றை நிழலில் வைத்தால் தண்டு மட்டும் நீண்டு, இலை தூரத்துக்கு ஒன்றாக வரும்.

அப்படியானால், நிழல் செடி என்று சொல்லி வாங்கிய பீஸ் லில்லியும் ஏன் பூப்பதை நிறுத்துகிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, நர்சரியில் அது பச்சை வலைக்கு அடியில் வளர்ந்தது. பாதி வெயிலை வலை தடுத்தாலும், மிச்சம் உள்ள வெளிச்சம் உங்கள் ஹாலைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டு, வணிக ரீதியாக பீஸ் லில்லி வளர்ப்பவர்கள் விற்பனைக்கு முன் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்து, ஒரே நேரத்தில் பூக்க வைப்பது உண்டு. அந்தப் பூக்கள் முடிந்தபின் செடி தன் சொந்தக் கணக்கில் பூக்க நாளாகும். செடி கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த நிழலுக்கு எந்தச் செடி?

*அரை நிழலுக்கு:*

கனகாம்பரம்: தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த ஊர். வெக்கை இதற்குப் பிரச்சினையில்லை. உச்சிவெயில் இல்லாத, காலை வெயில் படும் இடத்தில் கிட்டத்தட்ட வருடம் முழுக்கப் பூக்கும். பூத்து முடிந்த கதிரை அடியோடு கிள்ளிவிட்டால் அடுத்த கதிர் சீக்கிரம் வரும். நாட்டு ரகத்தின் காய்ந்த காயில் ஈரம் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், பக்கத்துத் தொட்டியிலும் முளைக்கும். டெல்லி கனகாம்பரத்தில் விதை பிடிக்காது, குச்சி வெட்டித்தான் வைக்க வேண்டும். நன்றாக இருந்த செடி காரணமில்லாமல் வெளிறிச் சுருங்கினால் வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அந்த மண்ணைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

டிசம்பர் பூ: ஊதா, வெள்ளை, ரோஸ் நிறங்களில் கிடைக்கும். பெயரே சொல்வதுபோல, மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் காலத்தில் அள்ளிப் பூக்கும். மற்ற மாதங்களில் பச்சைப் புதராக நிற்கும். பூ முடிந்ததும் வெட்டிவிட்டால் அடர்ந்து வரும்.

நந்தியாவட்டை: தரையில் இடமிருந்தால் இது நம்பகமான செடி. வெள்ளைப் பூ, பளபளப்பான இலை. வெயிலில் பூப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனால் விடாமல் பூக்கும்.

லாலிபாப் செடி: மஞ்சள் கோபுரம்போலத் தெரிவது பூ அல்ல, பூவை மூடியிருக்கும் செதில்கள். வெள்ளைப் பூ உதிர்ந்தாலும் மஞ்சள் கோபுரம் வாரக்கணக்கில் நிற்கும்.

*வெளிச்ச நிழலுக்கு:*

பீஸ் லில்லி: வெள்ளையாகத் தெரிவது இதிலும் பூ அல்ல, இலையின் மாற்று வடிவம். நடுவில் உள்ள கதிரில்தான் உண்மையான பூக்கள். தண்ணீர் குறைந்தால் மொத்தச் செடியும் மயங்கி விழுந்ததுபோலத் தொங்கும். ஊற்றிய சில மணி நேரத்தில் எழுந்துவிடும். இலை நுனி பழுப்பானால் தண்ணீரில் உப்பு அதிகமாக இருக்கலாம். போர்வெல் தண்ணீர் மட்டுமே பயன்படுத்தும் வீடுகளில் இது சகஜம். அவ்வப்போது மழைநீர் ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம்.

ஆந்தூரியம்: பண்ணைகளில் இதை 75 சதவீத நிழல் வலைக்கு அடியில் வளர்க்கிறார்கள். அதனால் நேரடி வெயில் வேண்டாம், ஆனால் பிரகாசமான வெளிச்சம் வேண்டும். காற்றில் ஈரம் பிடிக்கும். வெறும் மண்ணில் வைத்தால் வேர் மூச்சுத் திணறும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மக்கிய உரம் சேர்த்த கலவை சரி. ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களில் எளிது, சென்னையில் கோடையில் கூடுதல் கவனம் தேவை.

*மரத்தடிக்கு:*

ஸ்பைடர் லில்லி: சென்னையில் சாலை நடுவே உள்ள செடித் திட்டுகளில் வெள்ளையாக, சிலந்திக் கால் மாதிரி விரிந்திருக்குமே, அதேதான். நீண்ட பச்சை இலை வருடம் முழுக்க இருக்கும். புள்ளி நிழலிலும் மழை பெய்தால் மணத்தோடு பூக்கும்.

ஒரு எச்சரிக்கை: பீஸ் லில்லி, ஆந்தூரியம் இலைகளில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும். ஸ்பைடர் லில்லி கிழங்கும் நந்தியாவட்டையின் பாலும் நச்சு. குழந்தையோ நாய், பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

செடியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்

மொட்டைமாடித் தொட்டிக்கு தினமும் ஊற்றுவதைப் பார்த்து நிழல் தொட்டிக்கும் ஊற்றுவதுதான் பெரிய தவறு. வெயில் இல்லாத இடத்தில் மண் மெதுவாகத்தான் காயும். செடியும் குறைவாகத்தான் உறிஞ்சும். தேங்கிய ஈரத்தில் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. அதனால் மேலே இலை வாடும். 'வாடுதே' என்று நாம் இன்னும் ஊற்றுவோம். கதை அங்கேயே முடிந்தது.

ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். இலை வாடியிருந்து மண்ணும் ஈரமாக இருந்தால், தாகம் அல்ல, வேர்ப் பிரச்சினை. தொட்டியிலிருந்து எடுத்து அழுகிய வேரை வெட்டிவிட்டு, புது மண்ணில் மாற்ற வேண்டும்.

மண் கலவையிலும் மாற்றம் தேவை. மாடித்தோட்டத்துக்குப் பரிந்துரைக்கும் தென்னை நார்க்கழிவு ஈரத்தை நிறையப் பிடித்துவைக்கும். நிழல் தொட்டியில் அதைக் குறைத்து, செம்மண், மண்புழு உரத்தோடு பருமணல் சேர்த்தால் தண்ணீர் வடியும். உரமும் கம்மியாகப் போதும். வெளிச்சம் இல்லாத செடிக்கு உரத்தைக் கொட்டினால் பூ வராது, வேர்தான் கருகும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் மறக்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரத்தில் இரண்டு முறை தட்டைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவுங்கள்.

மரத்தடியில் பிரச்சினை நேர் எதிர். அங்கே நிழல் இருந்தும் மண் காய்ந்து கிடக்கும், மரத்தின் வேர் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். அங்கே காய்ந்த இலையைப் பெருக்கித் தள்ளாமல் செடியைச் சுற்றி மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். வேர் அடர்ந்த இடமாக இருந்தால் தொட்டியிலேயே வைத்துவிடலாம்.

வெளிச்சத்தைக் கூட்ட முடியுமா?

முடியும், அதிகச் செலவில்லாமல். பால்கனிச் சுவருக்கு வெள்ளை அடித்தால் வெளிச்சம் பிரதிபலித்துச் செடிக்குக் கிடைக்கும். தொட்டியைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில், கிரில் உயரத்துக்கு வைத்தாலே வித்தியாசம் தெரியும். அகல இலைகளில் படியும் தூசும் வெளிச்சத்தைத் தடுக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பினால் செடி ஒரு பக்கமாகச் சாயாது.

வருடத்துக்கு ஒரு கணக்கு

மார்ச் கடைசி: வடக்கு கிரில்லில் தொங்கும் மென்மையான செடிகளை ஓர் அடி உள்ளே நகர்த்துங்கள்.

ஏப்ரல், மே: இலை கருகினால் பச்சை வலை கட்டுங்கள். காலையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: கனகாம்பரம், டிசம்பர் பூ குச்சி வெட்டி வைக்கவும், தொட்டி மாற்றவும் ஏற்ற காலம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழை. தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். சாரல் விழும் தொட்டிகளின் வடிகால் துளை அடைபடாமல் பாருங்கள். உள்ளே நகர்த்திய தொட்டிகளை மறுபடி கிரில் ஓரம் கொண்டுவரலாம்.

ஜனவரி, பிப்ரவரி: பூத்து முடிந்த டிசம்பர் பூவை வெட்டிவிடுங்கள். மற்ற செடிகளில் பழுத்த இலைகளை அகற்றுங்கள்.

அடுத்த முறை நர்சரிக்குப் போகும்போது, மதியம் 12 மணிக்கு எடுத்த அந்த பால்கனி போட்டோ போனில் இருக்கட்டும். 'எந்தச் செடி நல்லா பூக்கும்?' என்பதை விட்டுவிட்டு, 'இந்த வெளிச்சத்துல எது பூக்கும்ணே?' என்று கேளுங்கள். முதல் முறைக்கு ஒரே ஒரு செடி போதும். அது மூன்று மாதத்தில் புது இலை விட்டால் இடம் சரி, இரண்டாவதை வாங்கலாம். இலையே வரவில்லையா? செடியைத் தூக்கிப் போட வேண்டாம். தொட்டியை மட்டும் வெளிச்சத்தை நோக்கி இரண்டடி நகர்த்திப் பாருங்கள்.